அப்பா கேட்டு வாங்கிய தண்ணீர்

நம் வகுப்புக்காரர்கள் குழுவில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. நம்மோடு படித்து இப்போது குண்டடம் பக்கம் காடு வைத்து விவசாயம் பண்ணுகிறவர் கேட்டிருந்தார். அவர் காட்டுக்குப் பக்கத்து இடத்தை ஒரு கம்பெனிக்காரர் வாங்கியிருக்கிறாராம். துணிக்குச் சாயம் போடுகிற யூனிட் வரப்போகிறதாம். சுத்தம் பண்ணின தண்ணீரை உங்கள் காட்டுக்கே விட்டுவிடுகிறேன், பைசா வேண்டாம் என்கிறாராம். "மழை இல்லாத சீமையில சும்மா வர்ற தண்ணிங்க. சரின்னு எழுதிக் குடுத்தரலாமா?" என்று கேட்டிருந்தார்.

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். "திருப்பூரே உங்க காட்டுக்கு வருது மாப்ளே, மறக்காம ட்ரீட் வையுங்க" என்று ஒருவர். "நம்ம பக்கமும் டெவலப் ஆகுது" என்று ஒருவர். "இடத்த மட்டும் வித்துப்போடாதீங்க, இன்னும் ஏறும்" என்று இன்னொருவர். அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஒருவர், ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அங்கேயே பதில் எழுதப் பார்த்தேன். கோபத்தில் எழுத்துத் தப்பாக விழுந்தது, அழித்துவிட்டேன். அதனால்தான் உட்கார்ந்து முழுதாக எழுதி அனுப்புகிறேன். நீளமாக இருக்கிறது என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு என் முகமே ஞாபகம் இருக்காது. எட்டாவதில் காலாண்டுப் பரீட்சைக்கு முன்பே நின்றவள் நான். ஏன் நின்றேன் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. குண்டடத்துக்காரர் கேட்ட கேள்விக்கும் அதற்கும் ஒரே பதில்தான்.

எனக்குப் பயம் அதிகம். என் மகள் கேலி செய்வாள். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ, முதலில் முகர்ந்து பார்ப்பேன். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன். புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் உங்கள் வீட்டில் பருப்பு எத்தனை விசிலுக்கு வேகிறது என்று கேட்டுவிடுவேன். சமையல் பேசுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் தோட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மழைத் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தை ஒட்டி இருந்தது. இப்போது அங்கே ஒரு கல்யாண மண்டபமும் அதற்குக் கார் நிறுத்துகிற இடமும் இருக்கின்றன. அப்போது அதில் பாதி அப்பாவுக்கு, பாதி பெரியப்பாவுக்கு. நடுவிலிருந்த கிணறு மட்டும் இரண்டு பேருக்கும் பொது. ஒருநாள் அப்பா மோட்டார் போடுவார், மறுநாள் பெரியப்பா போடுவார். அதற்கு முறை என்று பேர். முறை என்று வந்துவிட்டால் அண்ணன் தம்பி எல்லாம் கிடையாது. அப்பாவின் நாளில் கரண்ட் போய்விட்டால் போன நேரத்தைப் பெரியப்பா தன் நாளில் கழித்துத் தர வேண்டும் என்று வரப்பில் நின்று கத்துவார்கள். அந்த வாரம் முழுக்கப் பெரியம்மாவும் அம்மாவும் ஒருவருக்கொருவர் உறைமோர்கூடக் கொடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்கு அதெல்லாம் வேடிக்கை.

கிணற்றுக்குள் கல் படி இறங்கும். பாதிப் படிக்கு மேல் இறங்கினாலே காது குளிர்ந்துவிடும். கல் இடுக்கில் புறாக்கள் இருந்தன. தண்ணீரில் விரல் நீளத்துக்கு மீன்கள் கூட்டமாகத் திரும்பும். அடியில் கிடக்கிற கல்லை எண்ணலாம். குடித்தால் தொண்டையில் லேசாக இனிப்பு நிற்கும். வீட்டுக்கு வந்த உறம்பரைகள் காபி வேண்டாம், தண்ணீர் கொடுங்கள் என்பார்கள். அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

நான் ஏழாவது படித்த வருஷம், ஆடி மாதம், பெரியப்பா தன் பாதியை ஒரு சாயப்பட்டறைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டார். எழுதிக் கொடுப்பதற்கு முன்பே அந்த ஆள் எங்கள் வீட்டுக்கும் ஒரு மரியாதைக்கு வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, காலில் மட்டும் நீலச் சாயம் காய்ந்திருந்தது. அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்து, மீதித் தண்ணீரில் கையை நனைத்துத் தேய்த்தார். நுரை முழங்கை வரை ஏறியது.

"அட சாமி! நொரையப் பாருங்க! இந்தத் தண்ணியில வெளுத்தா துணி பாலாட்ட வெள்ளையா இருக்கும்ங்க."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "எங்க கெணறு அப்படித்தானுங்க" என்றாள். யாரோ தன் பிள்ளையைப் பாராட்டினதுபோல இருந்தது அவளுக்கு. அந்த ஆள் எத்தனை கிணற்றில் சோப்புப் போட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தாரோ. எங்கள் கிணறு உப்புக் கிணறாக இருந்திருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். நல்ல தண்ணீர் இருந்தது, அதனால்தான் வந்தார்.

ஷீட் கூரை போட்டார்கள். தொட்டி கட்டினார்கள். உப்பு மூட்டை லாரி லாரியாக வந்து இறங்கியது. ப்ளீச்சிங் நெடியும் வெந்த துணி நாற்றமும் சேர்ந்து எங்கள் வீட்டுப் பின்புறப் பொடக்காலி வரை வரும். வேலை முடிந்த தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாகப் பள்ளத்துக்குப் போனது. அந்த வாய்க்கால் உங்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். இன்டர்வெல் மணி அடித்ததும் வகுப்பே ஓடி வந்து பார்க்கும். இன்றைக்குப் பச்சையா, கத்தரிப்பூவா என்று தேன்மிட்டாய் பந்தயம் கட்டுவோம். யாருக்கும் தெரியாத நாட்டில் யாரோ ரோஸ் பனியன் கேட்டால் எங்கள் பள்ளத்தில் ரோஸ் நுரை மிதக்கும். போன பொங்கலுக்குக் குழுவில் ஒருவர் அதைப் பற்றி எழுதியிருந்தார், "கலர் கலராக ஓடுமே, எவ்வளவு அழகு" என்று. அதற்கும் இதயம் போட்டீர்கள்.

அப்பாவுக்கு அந்த வாய்க்காலைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அவர் பார்த்தது நிறத்தை அல்ல. ஓடுகிற தண்ணீரை. மோட்டாரை நிறுத்தின பிறகு வாய்க்காலில் தேங்கி நிற்கிற கடைசித் தண்ணீரையும் மண்வெட்டியால் தள்ளித் தென்னைக்கு விடுகிற மனிதர் அவர். அவர் கண்ணுக்கு முன்னால், அவர் கிணற்றுத் தண்ணீர், அவர் காட்டைத் தொடாமல் பள்ளத்துக்குப் போனது. வரப்பில் நின்றுகொண்டு, "ஓடுது பாரு, ஓடுது பாரு" என்பார். சோறு இறங்காது. பெரியப்பா வெள்ளாமை வைத்த காலத்தில் அவர் காட்டில் பாய்ந்த தண்ணீர் மண்ணில் ஊறி மறுபடியும் கிணற்றுக்கே வந்தது, இப்போது அந்த ஊற்று போகிறது, அதில் தனக்கும் பாதி உண்டு என்பது அவர் கணக்கு.

ஐப்பசியில் ஊரைக் கூட்டினார். மாகாளியம்மன் கோயில் வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். நானும் அக்காவும் கோயில் மதிலோரம் நின்றோம்.

ஊர்ப்பெரியவர் கேட்டார். "ஏனப்பா, நீ என்னத்தக் கேக்கறே? அந்தச் சாயத் தண்ணியவா?"

"சாயமோ கீயமோ, தண்ணி என்னுதுங்க. என்ற காட்டுல ஊறுனா மறுக்கா என்ற கெணத்துக்கே வந்துருமுங்க. பள்ளத்துல உட்டா ஊரான் காட்டுக்குப் போயிருது."

பெரியப்பா எழுந்தார். "நாலு காசு நான் பாத்தா அவனுக்குப் பொறுக்கறதில்லீங்க. தண்ணி தண்ணின்னு சும்மா அளுகறான்."

"யாருடா அளுகறது? உன்ற முறை நாள்ல நீ எடுத்துக்க. எடுத்த தண்ணிய வெளிய உடறதுக்கு ஆரைக் கேட்டே?"

பட்டறைக்காரரும் கூட்டத்தில் இருந்தார். அப்போது சிரித்தார். நல்ல, வாய் நிறைந்த சிரிப்பு. "ஏனுங்க, இதுக்கு எதுக்குங்க பஞ்சாயத்து? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வாய்க்கா வெட்டிக் குடுத்திருப்பனே. அத்தனையும் உங்க காட்டுக்கே உட்டர்றனுங்க."

கூட்டத்தில் யாரோ, "இனி உங்கூட்டு எருமை ரோஸ் கலர்ல பால் கறக்கும், அப்படியே டீக்கடைக்கு ஊத்தீரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் ஜெயித்துவிட்டார். வரும்போது பொரிகடலையும் ஜிலேபியும் வாங்கி வந்து, "ஜெயிச்சுப்போட்டமா கண்ணு, தின்னு" என்று என் கையில் வைத்தார். பள்ளத்துக்குக் கீழே இருந்த காட்டுக்காரர்கள் அந்த ஆளிடம் ஏற்கெனவே சண்டைக்குப் போயிருந்தார்கள் என்பதும், கழிவை எங்கே விடுவது என்று தெரியாமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தார் என்பதும் எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவருடைய பாரத்தை அப்பா கேட்டு, வாதாடி, ஊர்ச் சாட்சியோடு வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

குண்டடத்துக்காரரே, இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். உங்கள் கம்பெனிக்காரரும் சிரித்தாரா என்று யோசித்துப் பாருங்கள். இப்போது மிஷின் வந்துவிட்டது, வடிகட்டி விடுகிறார்கள் என்பீர்கள். இருக்கலாம். நான் எட்டாவதுகூட முடிக்காதவள், மிஷினைப் பற்றி எனக்குத் தெரியாது. வடிகட்டின தண்ணீர் அவ்வளவு நல்லது என்றால் அதை அவரே திரும்பத் தொட்டியில் ஊற்றிக்கொள்ளலாமே, உங்களுக்கு எதற்குச் சும்மா தருகிறார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

முதல் வெள்ளாமை அமோகமாக வந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மக்காச்சோளம் அப்பா உயரத்துக்கு மேல் நின்றது. தைமாசத்தில் அப்பா போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "தட்டப் பாருங்க, கரும்பாட்ட நிக்குது. ஒரு பிடி உரம் போடலீங்க, எல்லாஞ் சாயத் தண்ணிதான்." பெரியப்பாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லுவார். தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தால் அவர் கெண்டைக்கால் ஊதா நிறத்தில் இருக்கும். தேய்த்தாலும் போகாது. அந்தக் காலோடு கோயிலுக்குப் போவார்.

முதலில் தெரிந்துகொண்டது அம்மா. பங்குனியில் பருப்பு வேகவில்லை. எத்தனை நேரம் வைத்தாலும் பருப்புப் பருப்பாகத் துள்ளிக்கொண்டு கிடந்தது. கடைக்காரன் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று சண்டைக்குப் போனாள். வேறு கடையில் வாங்கினாள். அதுவும் வேகவில்லை. பிறகு காபியில் பால் திரிந்தது. பிறகு எருமை தாழியில் வாயை வைத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு பின்னால் போனது. அம்மா கையில் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல கண்ணு, கோடைக்கு இப்படித்தான் இருக்கும்" என்றாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அப்பாவிடம் அடுப்பு சரியில்லை என்றாள்.

சித்திரையில் ஒருநாள் காலை, கிணற்றில் மீன்கள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. புறாக்கள்கூட அன்றைக்குச் சத்தம் போடவில்லை, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. அப்பா கூடையால் அள்ளி எருக்குழியில் கொட்டினார். "வெயிலுக்குச் செத்துப்போச்சு" என்றார். நான் படியில் இறங்கிப் பார்த்தேன். அடியில் கல் தெரியவில்லை. பட்டறைக்காரருக்கே அந்தத் தண்ணீர் ஆகாமல் போய்விட்டது. அவர் எங்கிருந்தோ லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். யாராவது கேட்டால், "பட்டறைக்குப் பத்தறதில்லீங்க" என்று அப்பாவே அவருக்காகப் பதில் சொன்னார்.

ஏனென்றால் அப்போது அக்காவுக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீடு மங்கலம். சொந்தத் தறி ஓடுகிற வீடு. மாப்பிள்ளையின் அம்மா முதல் தடவை வந்தபோதே, "எங்கூர்ல தண்ணி சொல்லிக்கற மாதிரி இல்லீங்க. பொண்ணெடுக்கற ஊட்டுல கெணறு நல்லா இருக்கோணும், அப்பத்தான் தோட்டம் தோட்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிணறு கெட்டது வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுபோகும். அதைவிட, கேட்டு வாங்கினவனே கெட்டான் என்று பெரியப்பா ஊர் முழுக்கச் சிரிப்பார். அப்பாவுக்கு இரண்டில் எது பெரிய பயம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் வேண்டும். ஊர்க் குழாயில் போய் நின்றால் சொந்தக் கிணறு வைத்திருக்கிறவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேள்வி வரும். பெரியப்பா குத்தகைப் பணத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் லைன் வீடு கட்டியிருந்தார். தெற்கத்தியிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் அதில் குடியிருந்தார்கள். அங்கே ஒரு குழாய் இருந்தது. ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் போகவே மாட்டார்கள். காலையில் லைன் வீட்டுக்காரர்கள் பிடித்து முடித்து, கம்பெனிச் சங்கு ஊதி, எல்லோரும் போன பிறகு குழாயடி காலியாக இருக்கும். பார்ப்பதற்கு ஆள் இருக்காது.

"நீ போயிட்டு வா கண்ணு. லீவுதானே. மழை பேஞ்சா தெளிஞ்சிரும்" என்றாள் அம்மா.

லீவு முடிந்தது. மழை பெய்தது. தெளியவில்லை. பள்ளிக்கூடம் திறந்து எட்டாவது ஆரம்பித்த அன்றும் நான் இடுப்பில் குடத்தோடு ரோட்டைத் தாண்டினேன்.

லைன் வீடு காலியாகிற நேரமும் நம் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரமும் ஒன்று. குழாய் நூலாக வரும். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று குழாயடியில் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். மணிச் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். நீங்கள் எல்லோரும் சேர்ந்து கடவுள் வாழ்த்துப் பாடுவது கேட்கும். இரண்டாவது நடை முடித்துவிட்டு ஓடி வந்தால் கணக்குப் பாடம் முடிந்திருக்கும். டீச்சர் வெளியே நிற்க வைப்பார். எதனால் தாமதம் என்று கேட்டால் என்ன சொல்வது? வீட்டில் சொல்லிக் கொடுத்ததைச் சொல்வேன். வயிற்று வலிங்க டீச்சர். உங்களில் சில பேர் எனக்கு வயித்துவலி என்றே பேர் வைத்தீர்கள்.

லைன் வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். தூத்துக்குடிப் பக்கம். கம்பெனியில் நைட் ஷிப்ட் டைலர், பகலில் வீட்டில் இருப்பாள். கதவில் சின்னச் சிலுவை மாட்டியிருக்கும். ஒருநாள் பல்லில் பிரஷ்ஷோடு வந்து நின்றாள்.

"ஏட்டி, ஒங்க வீட்லதான் குளம் மாதிரி கெணறு கெடக்குல்லா? இங்க எதுக்கு வந்து உசுர வாங்குத?"

"மோட்டார் ரிப்பேருங்க அக்கா."

"மோட்டார் ரிப்பேரா! ராத்திரி பூரா ரயிலு மாதிரி கத்துது, அது ரிப்பேரா? நல்லா இருந்தா இன்னும் எப்படிக் கத்துமோ!" சிரித்தாள். பிறகு என் யூனிபார்மைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. "பள்ளிக்கூடம் போவலையா?"

அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு என் குடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இங்க பாரு. நான் வெடியக்காலம் ஷிப்ட் முடிஞ்சு வந்து பிடிக்கும்போதே ஒனக்கும் சேத்துப் பிடிச்சு உள்ள வச்சிருதேன். நீ சாயங்காலம் வந்து தூக்கிட்டுப் போ. போயிப் படிக்கிற வழியப் பாரு. என்னய மாதிரி ஊசியில நூலு கோத்துக்கிட்டுக் கெடக்காத."

வீடு வரை குடத்தோடு ஓடினேன். அந்த மாதிரி நான் அதற்குமுன் ஓடியதில்லை. தண்ணீர் தளும்பிப் பாவாடை எல்லாம் நனைந்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா முகம் மலர்ந்தது. பக்கத்தில் அப்பா மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"பொழைக்க வந்தவங்க பிடிச்சு வெச்ச தண்ணிய நம்ம ஊட்டுல பொளங்கறதா? அப்பறம் நான் ஊருக்குள்ள தல நிமுந்து நடக்கறதா?"

"புள்ள பள்ளிக்கோடம் போவாளேங்க" என்றாள் அம்மா. ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"நம்ம கையில பிடிச்சா அது நம்ம தண்ணி. அவ்வளவுதான்."

ஊதாக் காலோடு அதைச் சொன்னார். யாரோ துவைத்த சாயத்தை ஊர் கூட்டிக் கேட்டு வாங்கித் தன் மண்ணில் ஊற்றிக்கொண்டதற்கு அவருக்குக் கௌரவம் குறையவில்லை. உழைத்துக் களைத்து வந்த ஒருத்தி சுத்தமான குழாய்த் தண்ணீரை எனக்காகப் பிடித்து வைக்கிறேன் என்றதற்குக் குறைந்துவிட்டது. மறுநாள் அந்த அக்கா, "என்னாச்சுட்டி?" என்று கேட்டபோது, மோட்டார் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் குடத்தைக் குழாயடியில் வைத்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தாமதமாகப் போவதற்கு வெட்கமாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் போனேன். பிறகு ஒருநாள். பிறகு அதுவும் இல்லை. என் அக்காவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மங்கலத்தில் அவளும் பிற்பாடு கெட்ட தண்ணீரில்தான் சமைத்தாள். தென்னை ஒவ்வொன்றாகக் குருத்துக் கருகியது, மண் உப்புப் பூத்துக் கல்லாகியது, ஒரு புல் முளைக்கவில்லை. அப்பா இடத்தை விற்றார், பெரியப்பாவும் விற்றார். வாங்கினவர்கள் கிணற்றை மூடி மேலே மண்டபம் கட்டினார்கள். அதில் உங்கள் பிள்ளைகளுக்கே இரண்டு மூன்று கல்யாணம் நடந்திருக்கிறது. நான் செக்கிங் டேபிளில் நின்று பனியனில் ஓட்டை தேடினேன், கால் வீங்கும் வரை. இதெல்லாம் போகட்டும். அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், அந்த ஆவணியில் நடந்த ஒன்றைத்தான் நான் இத்தனை வருஷமாகத் தொண்டையில் வைத்திருக்கிறேன்.

நம் வகுப்பு டீச்சர் ஒருநாள் மத்தியானம் வெயிலில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது, சந்தோஷத்தில். கடைசியில் ஒருவர் கேட்க வந்துவிட்டார் என்று நினைத்தேன். கதவோரமாக நின்றுகொண்டேன்.

டீச்சர் தினமும் மங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அக்காவைப் பெண் பார்த்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. இது அப்பாவுக்கும் தெரியும்.

"ஏனுங்க, புள்ள ஏன் வர்றதில்ல? நல்லா எழுதறவளாச்சே. ஊட்டுல ஏதாச்சும் கஷ்டமுங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு வாய் வார்த்தை. தண்ணி கெட்டுப்போச்சுங்க டீச்சர், புள்ள தண்ணிக்குப் போறா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சர். அவளுக்குப் படிப்பு ஏறறதில்லீங்க. மக்கு. பள்ளிக்கோடம்னாலே வயித்து வலிங்கறா. நாங்களும் சொல்லிப் பாத்துட்டம்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கிணறு கெட்டது என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. பெற்ற பெண்ணை மக்கு என்று சொல்ல வந்தது.

"டீச்சர் வெயில்ல வந்திருக்காங்க, தண்ணி கொண்டா" என்றார் என்னிடம்.

உள்ளே போனேன். காலையில் நான் கொண்டுவந்து வைத்த குடத்திலிருந்து சொம்பில் ஊற்றி எடுத்து வந்து கொடுத்தேன். டீச்சர் அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"உங்க கெணத்துத் தண்ணி ருசியே தனிங்க. எங்கூர்லயும் பேசிக்குவாங்க."

"எங்க கெணறு எப்பவும் அப்படித்தானுங்க டீச்சர்" என்றார் அப்பா.

டீச்சர் என் தலையில் கை வைத்தார். "படிப்பு எல்லார்க்கும் வந்தராது கண்ணு. தையலாச்சும் கத்துக்க" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு வாட்டர் பாட்டிலை எடுத்து நீட்டினார். "பஸ்ஸுக்கு நேரமிருக்கு. இதுலயும் புடிச்சுக் குடு."

குடத்தைச் சாய்த்து அதையும் நிரப்பிக் கொடுத்தேன். ராத்திரிச் சோற்றுக்கு வைத்திருந்த தண்ணீர் அது. டீச்சர் படலைத் தாண்டுகிற வரை அப்பா கைகூப்பிக்கொண்டு நின்றார். அவர் பஸ் ஏறியிருப்பார் என்று தெரிந்த பிறகு, நான் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் ரோட்டைத் தாண்டினேன்.